பாரிஸைச் சுற்றிப் பார்க்க ஒரு மாணவருக்கு மூன்று நாட்கள் போதுமா?

போதும். பிரான்சின் லியோன் நகரில் இயற்பியல் முதுகலை படித்துக்கொண்டிருந்தபோது, 23 வயதில், தனியாக மூன்று நாட்கள் பாரிஸ் சென்று வந்ததை வைத்துச் சொல்கிறேன். அதிவேக ரயிலில் ஏறக்குறைய இரண்டு மணி நேரப் பயணம்தான்.

முதலில் செலவு. 26 வயது நிறையாதவராகவும் பிரான்சில் வசிப்பதற்கான மாணவர் விசா உள்ளவராகவும் இருந்தால், லூவர், ஓர்சே அருங்காட்சியகங்கள், பாந்தெயோன் நினைவு மண்டபம் ஆகியவற்றில் நுழைவுக் கட்டணம் கிடையாது; கடவுச்சீட்டைக் காட்டினால் போதும், லூவருக்கு மட்டும் இணையத்தில் நேரத்தை முன்பதிவு செய்துகொள்ளுங்கள். காசு கொடுத்து நுழைபவர் கொடுத்த காசுக்கு எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்று கால் வலிக்க நடப்பார். இலவசமாக நுழைந்த எனக்கு, பிடித்த ஒன்றின் முன் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து வருவதில் எந்த மனக்குறையும் இருக்கவில்லை.

நான் போய்ச் சேர்ந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. செவ்வாய்தோறும் லூவருக்கு விடுமுறை என்பதைக் கவனிக்காமல் போனது என் பிழை. அதன் நுழைவாயிலான, பூட்டிய கண்ணாடிப் பிரமிடைப் பார்த்துவிட்டு, செய்ன் ஆற்றைக் கடந்து பாந்தெயோனுக்கு நடந்தேன். பூமி சுழல்வதைக் கண்ணெதிரே காட்டுவதற்காக 1851-இல் இயற்பியலாளர் லெயோன் ஃபூக்கோ 67 மீட்டர் கம்பியில் 28 கிலோ குண்டைத் தொங்கவிட்ட இடம் அது. இப்போது ஆடுவது நகல்தான் என்றாலும், பாடநூலில் கால் பக்கத்தில் படித்துவிட்டுப் போன ஒன்று, தலைக்கு மேல் கோபுர உயரத்திலிருந்து இறங்கி நிதானமாக ஆடுவதைப் பார்த்தபோது நகர மனம் வரவில்லை. பாரிஸின் அட்சரேகையில் குண்டு ஊசலாடும் திசை மணிக்கு ஏறத்தாழ 11 பாகை திரும்பும். முழுச் சுற்றுக்கு 32 மணி நேரம் ஆகும். சென்னையில் தொங்கவிட்டால் அதே சுற்றுக்கு நான்கு நாட்களுக்கும் மேலாகும் என்று அங்கேயே கைப்பேசியில் கணக்கிட்டேன். ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். 11 பாகையும் திரும்பியது.

மறுநாள் லூவர். மோனா லிசா 77 செ.மீ. உயரமே உள்ள ஓவியம். கூட்டத்தில் அதைவிட, அதைப் படம் எடுக்கும் கைப்பேசிகளைத்தான் அதிகம் பார்க்க நேரும். திரும்பி நின்றால் எதிர்ச்சுவரில் இத்தாலிய ஓவியர் வெரொனேசே வரைந்த கானாவூர்த் திருமண விருந்து, ஏறக்குறைய 10 மீட்டர் அகலத்தில், நெரிசலின்றிக் காத்திருக்கும். பிறகு பாபிலோனிய மன்னர் ஹமுராபியின் சட்டக் கல்லைப் பார்த்துவிட்டு வெளியேறிவிட்டேன்.

சாப்பாட்டுக்கு, வடக்கு ரயில் நிலையத்துக்கு அருகில் ஈழத்தமிழர் கடைகள் நிறைந்த லா சப்பல் பகுதிக்குச் செல்லுங்கள். "தம்பி ஊரில எவடம்?" என்று கேட்ட கடைக்கார ஐயா, தஞ்சாவூர் என்றதும் கூடுதலாக ஒரு கரண்டி சாம்பார் ஊற்றினார்.

நான் நுழைவுச்சீட்டு வாங்கிய ஒரே இடம் ஐஃபெல் கோபுரம். இரண்டாம் தளம்வரை 674 படிகள்; மின்தூக்கியைவிடப் படியேறுவதற்குக் கட்டணம் குறைவு. ஏறுவதற்கு முன் முதல் தளத்தின் வெளிப்புறத்தை நிமிர்ந்து பாருங்கள்: ஃபூக்கோ, ஃபூரியே, ஆம்பியர் என்று அறிவியலாளர்கள், பொறியாளர்கள் 72 பேரின் பெயர்களைப் பொறித்திருக்கிறார்கள். 1889-இல் கோபுரத்தைத் திறந்தபோது பொறித்த அந்த வரிசையில் ஒரு பெண் பெயர்கூட இல்லை. உலோகத் தகடுகளின் அதிர்வைக் கணிதத்தால் ஆராய்ந்த சோஃபி ஜெர்மேனின் பெயரை அன்று இரும்புக் கோபுரத்தில் சேர்க்காதது எனக்கு இன்றும் உறுத்துகிறது.

கடைசி நாள் வியாழக்கிழமையாக அமைந்தால் ஓர்சேயை மாலைக்கு வைத்துக்கொள்ளுங்கள்; அன்று இரவு 9:45 வரை திறந்திருக்கும். 1900-இல் ரயில் நிலையமாகக் கட்டிய கட்டிடம் அது. பழைய பெரிய கடிகாரம் இன்னும் அங்கே இருக்கிறது. அதன் முன்னேயே நின்றிருந்தும் மணியைப் பார்க்க மறந்து, லியோன் ரயிலை ஓடிப்போய்த்தான் பிடித்தேன்.