இரும்புத் தோட்டாக் கூட்டில் மறுபடி மருந்து அடைக்கலாமா?

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ராணுவ வீரன், ஊர் திருமங்கலம். டெக்சாஸில் இருக்கும் என் மகன், சுடுதளத்தில் பொறுக்கிய காலித் தோட்டாக்களில் மறுபடி மருந்து அடைக்கிறான். பித்தளை, இரும்பு, அலுமினியம் எல்லாம் ஒரே வாளியில் கிடக்கின்றன. “இரும்புதானப்பா கெட்டி, நாள்பட உழைக்கும்” என்கிறான். சரிதானா? நாலைந்து கூடுகளை நினைவுக்கு ஊருக்குக் கொண்டுவரலாமா?

பதில்: ஐயா, கெட்டியாக இருந்தால் மட்டும் போதாது. சுடும் நொடியில் கூடு உப்பி, துப்பாக்கிக்குள் தோட்டா உட்காரும் அறையின் சுவரோடு ஒட்டி, புகை பின்னால் வராமல் அடைக்க வேண்டும். அழுத்தம் போனதும் சுருங்கிக் கழன்று வர வேண்டும். எழுபது பங்கு செம்பும் முப்பது பங்கு துத்தநாகமும் சேர்ந்த பித்தளை இதற்கென்றே பிறந்தது போன்றது. ஒரே அளவு விசைக்கு, இரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு வளைந்து மீளும்.

இரும்புக் கூடு அவ்வளவு மீளாது. பழைய அளவுக்குக் கொண்டுவர அச்சில் திரும்ப அழுத்தும்போது முரண்டு பிடிக்கும், மேற்பூச்சு உரிந்தால் துருவும் ஏறும். பெரும்பாலான இரும்புக் கூடுகளில், மருந்தைப் பற்றவைக்கும் கேப்புக்கு அடியில் இரண்டு சிறு துளைகள் இருக்கும். பழைய கேப்பைத் தள்ளி எடுக்க, நடுவில் ஒரே துளை உள்ள கூட்டுக்கான ஊசியை அதில் இறக்கினால் ஊசிதான் உடையும். அலுமினியம் ஒருமுறை உப்பிய பிறகு விரிசலுக்குக் காத்திருக்கும் உலோகம். இரண்டையும் ஒதுக்கிவிடச் சொல்லுங்கள். சில இரும்புக் கூடுகளுக்குப் பித்தளை முலாம் பூசியிருப்பார்கள். நிறத்தை நம்பாமல் காந்தத்தை வைத்துப் பார்க்க வேண்டும். நிக்கல் பூசிய பித்தளையில் அடைக்கலாம், ஆனால் வாய் சீக்கிரம் கீறும்.

பித்தளைக்கும் ஆயுள் உண்டு. நம் வெண்கலக்கடைத் தெருவுக்குப் பாத்திரம் செய்து தரும் கன்னாரைக் கேளுங்கள்: தட்டத் தட்டப் பித்தளை விறைக்கும், நெருப்பில் காட்டி இளக்கினால்தான் மறுபடி தட்ட முடியும். தோட்டாக் கூட்டின் கழுத்தும் அப்படித்தான், ஒவ்வொரு முறை சுடும்போதும் விறைத்துக்கொண்டே வரும். கழுத்தை மட்டும் இளக்கலாம். அடிப்பகுதியில் சூடு ஏறவே கூடாது. அடி இளகிய கூடு அழுத்தத்தில் பிளந்தால், அந்தப் புகை சுடுபவரின் முகத்துக்கு வரும். அடிக்குச் சற்று மேலே சுற்றிலும் பளபளப்பான வளையம் தெரிந்தால், உள்ளே சுவர் மெலிந்துவிட்டது என்று பொருள். முனை வளைத்த கம்பியை உள்ளே விட்டு இழுத்தால் பள்ளம் தட்டுப்படும். அதைத் தூக்கிப் போட வேண்டியதுதான்.

மகனிடம் இதையும் சொல்லுங்கள்: அமோனியா கலந்த பாலிஷ் கூடவே கூடாது. பிரிட்டிஷ் காலத்தில் இந்தியாவில் மழைக்காலத்துக்குக் குதிரை லாயங்களில் அடுக்கிவைத்த தோட்டாக்களின் கூடுகள் சுடாமலே தானாக விரிசல் விட்டன. ஈரமும், குதிரை மூத்திரத்திலிருந்து எழுந்த அமோனியாவும், அழுத்திச் செய்த பித்தளைக்குள் அடங்கியிருந்த இறுக்கமும் சேர்ந்த வினை அது. காரணம் தெளிவானது 1921-இல்தான்.

பல கம்பெனிக் கூடுகளைக் கலக்கவும் வேண்டாம். ராணுவக் கூடுகளின் சுவர் பெரும்பாலும் தடிமன், உள்ளே இடம் குறைவு. அதே அளவு மருந்து அங்கே அதிக அழுத்தம் தரும். மருந்தின் அளவுக்குத் தயாரிப்பாளரின் கையேடுதான் கணக்கு, வாய்க்கணக்கு இல்லை.

ஊருக்குக் கொண்டுவருவதா? தயவுசெய்து வேண்டாம். நம் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் தோட்டாவின் பாகங்களையும், அதைச் செய்யும் இயந்திரத்தையும்கூடத் தோட்டா என்ற வரையறைக்குள்ளேயே வைத்திருக்கிறது. உரிமம் இல்லாமல் தயாரிப்பது குற்றம். துப்பாக்கி உரிமம் கையில் இருந்தாலும் அது தோட்டா செய்வதற்கான உரிமம் ஆகாது. பட்டாளத்தில் இருந்த உங்களுக்குக் காலிக் கூடு சாதாரணப் பொருளாகத் தோன்றலாம். விமான நிலையத்தில் பெட்டியை ஸ்கேன் செய்பவருக்கு அப்படித் தெரியாது. கிளம்புமுன் பெட்டியின் ஓரங்களையும், சுடுதளத்துக்குப் போட்டுப்போன சட்டை, கால்சட்டைப் பைகளையும் ஒருமுறை உதறிப் பாருங்கள்.