கோடிகளைக் கொட்டினால் கோப்பை வருமா?

கால்பந்தில் பணம் இல்லாமல் பெரிய அணியைக் கட்ட முடியாது, சரி. ஆனால் யாரை, எந்த இடத்துக்கு வாங்குகிறோம் என்பதுதான் முக்கியம்.

2017-இல் பிரேசில் வீரர் நெய்மாரை பார்சிலோனாவிடமிருந்து 22.2 கோடி யூரோவுக்கு பாரிஸ் அணி (பிஎஸ்ஜி) தூக்கிக்கொண்டு போனது. கையில் பணம் வந்ததும் பார்சிலோனா டெம்பெலேயையும், 2018 ஜனவரியில் கூட்டினியோவையும் பெரும் விலைக்கு வாங்கியது. பார்சிலோனா பணக்கட்டோடு நிற்பது எல்லோருக்கும் தெரியும். விலை ஏறத்தானே செய்யும்? கூட்டினியோவை விற்ற இங்கிலாந்தின் லிவர்பூலோ அதே மாதம் தடுப்பாட்டக்காரர் வான் டைக்கையும், அந்தக் கோடையில் கோல்கீப்பர் அலிசனையும் எடுத்தது. ஓட்டை எங்கே இருந்ததோ அங்கேயே அடைத்தார்கள். 2019-இல் ஐரோப்பிய கிளப்புகளின் பெரிய போட்டியான சாம்பியன்ஸ் லீக் கோப்பை வந்தது.

2020 ஆகஸ்டில் லிஸ்பனில் நடந்த சாம்பியன்ஸ் லீக் காலிறுதியை என்னால் மறக்கவே முடியாது. பார்சிலோனா கடனாக ஜெர்மனியின் பயர்ன் அணிக்கு அனுப்பிய அதே கூட்டினியோ மாற்று ஆட்டக்காரராக இறங்கி, கடைசி நிமிடங்களில் பார்சிலோனாவுக்கு எதிராகவே 2 கோல் போட்டார். பயர்ன் 8-2 என்று வென்றது. பார்க்கவே மனசு வலித்தது.

அப்புறம் கணக்கு விஷயம். 10 கோடி யூரோவுக்கு வாங்கிய வீரருக்கு 5 ஆண்டு ஒப்பந்தம் என்றால், கணக்கில் ஆண்டுக்கு 2 கோடிதான் செலவாக ஏறும். இங்கிலாந்தின் செல்சி 8 ஆண்டுக்கும் மேல் ஒப்பந்தம் போட்டு இதை இன்னும் நீட்டியது. 2023-இல் ஐரோப்பிய கால்பந்து அமைப்பான யூஈஎஃப்ஏ, விலையை இப்படிப் பிரித்துக் கணக்கில் ஏற்ற 5 ஆண்டுதான் என்று வரம்பு வைத்தது. நல்ல முடிவு, கொஞ்சம் முன்பே வந்திருக்க வேண்டும்.

சின்ன அணி ரசிகர்கள் லெஸ்டரைப் பாருங்கள். 2015-இல் பிரான்சின் கான் அணியிலிருந்து குறைந்த விலைக்கு வந்த கான்டேதான் 2016-இல் அவர்கள் இங்கிலாந்தின் முதல்நிலைப் போட்டியான பிரீமியர் லீக் வென்றபோது நடுக்களத்தின் முதுகெலும்பு.