மலைக் கருமண்ணுக்கு ஜிப்சம் எதற்கு?

கேள்வி: குடவாசல் பக்கம் நெல்லும் உளுந்தும் செய்கிறோம். கோத்தகிரி அருகே 1 ஏக்கர் 20 சென்ட் சரிவு நிலம் வாங்கியிருக்கிறோம். மண் கன்னங்கரேலென்று இருக்கிறது. கேரட், பீட்ரூட் போட எண்ணம். ஊரில் செய்வதுபோல ஏக்கருக்கு 200 கிலோ ஜிப்சமும் அடியுரமாக டிஏபியும் போட்டு, டிராக்டர் விட்டு உழுதால் போதுமா? ஓரத்தில் நிற்கும் சீகை மரங்களை எடுத்துவிடலாமா?

பதில்: ஜிப்சம் மூட்டையை மலையேற்றாதீர்கள். களர் நிலத்தில் சோடியத்தை வெளியேற்றவும் இறுகிய களியைத் தளர்த்தவும் அது உதவும். நீலகிரி மண்ணின் சிக்கலே வேறு. அங்கே கார அமிலநிலை (pH) பெரும்பாலும் 4.5 முதல் 5.5 வரைதான், அதாவது புளிப்பு மண். ஜிப்சம் எவ்வளவு கொட்டினாலும் அந்தப் புளிப்பு குறையாது. வேண்டியது டோலமைட் (மக்னீசியம் கலந்த சுண்ணாம்புக்கல் தூள்) அல்லது சுண்ணாம்புத் தூள்.

மண்ணின் கறுப்பைப் பார்த்து ஏமாறுகிறவர்கள் நிறைய. ஒரு பிடி ஈரமண்ணை எடுத்து உள்ளங்கையில் உருட்டிப் பாருங்கள். குடவாசல் களி கயிறாகத் திரியும். மலைமண் பொலபொலவென்று உதிரும், கனமும் இருக்காது. அந்தக் கறுப்பு மக்கிலிருந்து வந்தது. குளிரில் இலைதழை மெதுவாகத்தான் மட்கும். மட்கியதையும் மண்ணிலுள்ள அலுமினியமும் இரும்பும் இறுகப் பிடித்துக்கொள்ளும். அதனால் மண் அறிக்கையில் கரிமச்சத்து 'அதிகம்' என்று வந்தாலும், தழைச்சத்து பயிருக்கு அதே அளவில் கிடைத்துவிடாது. மண்வெட்டியால் ஒன்றரை அடி வெட்டிப் பாருங்கள். கறுப்பு எங்கே முடிந்து செம்மண் தொடங்குகிறதோ, அதுவரைதான் உங்கள் சொத்து. கீழே உள்ள செம்மண்ணில் கரைந்த அலுமினியம் வேர்நுனியைக் கருக்கும். வேர் குட்டையாக, தடித்து நின்றுவிடும்.

மண் மாதிரியைச் சரிவின் மேல், நடு, அடி என்று மூன்று இடத்திலும் தனித்தனியாக எடுங்கள். ஆங்கில 'வி' வடிவக் குழியில் 15 செ.மீ. ஆழம் வரை சுரண்டி, நிழலில் உலர்த்தி, அரைக் கிலோ போதும். ஆய்வகத்தில் அமிலநிலையோடு 'சுண்ணாம்புத் தேவை'யையும் கேட்டு வாங்குங்கள். ஒரே அமிலநிலை உள்ள இரண்டு மண்ணில், மக்கு அதிகமுள்ளதற்குச் சுண்ணாம்பு கூடுதலாகப் பிடிக்கும். பொதுவாக எக்டருக்கு 2 டன் என்பார்கள், அதாவது சென்டுக்கு 8 கிலோ. விதைப்புக்கு மூன்று, நான்கு வாரம் முன்பே தூவி, 15 செ.மீ. வரை கொத்திக் கலக்க வேண்டும். மேலே தூவி விட்டால் தானாகக் கீழே இறங்காது. யூரியாவோடு சேர்த்துப் போட்டால் தழைச்சத்து அம்மோனியாவாகப் பறந்துவிடும். அளவு மீறினாலும் தொல்லைதான்: போரான் என்ற நுண்சத்து கிடைக்காமல் பீட்ரூட்டின் உள்ளே கரும்புள்ளி விழும்.

டிஏபியை வயலில் வீசுவதுபோல வீசினால் மணிச்சத்தை இரும்பும் அலுமினியமும் பிடித்து வைத்துக்கொள்ளும். விதை வரிசைக்குச் சற்றுப் பக்கத்தில் கோடு கிழித்து, சூப்பர் பாஸ்பேட்டாக இடுங்கள். ராக் பாஸ்பேட் (பாறையைப் பொடித்த மணிச்சத்து உரம்) கரைய அமிலம் வேண்டும். அதனால் டோலமைட் போட்ட பாத்தியில் அது வீண், தேயிலைக்குப் பொருந்தும். தொழுவுரம் நன்கு மட்கியதாக இருக்கட்டும். பச்சைச் சாணம் போட்டால் கேரட் கவடு விடும்.

அடுத்து உழவு. சேறடித்துப் பரம்படித்த பழக்கத்தில் சரிவு மண்ணையும் மாவாக்கினால், ஐப்பசி, கார்த்திகையின் ஒரு நல்ல மழையிலேயே கருமண் ஓடையில் இறங்கிவிடும். (அது பவானிசாகர் அணையில் தங்கும், குடவாசலுக்கு வண்டலாக வந்து சேரும் என்று ஆறுதல் கொள்ள முடியாது.)

முதலில் சரிவை அளவெடுங்கள். கொத்தனாரின் டியூப் மட்டம் போதும். கிடைமட்டமாக 4 மீட்டர் போவதற்குள் 1 மீட்டர் இறங்கினால் சரிவு 25 சதவீதம். 33 சதவீதத்தைத் தாண்டிய பகுதியில் காய்கறி வேண்டாம். தேயிலை, மரம், புல் என்று விட்டுவிடுங்கள். அதற்குக் குறைவான இடத்தில் படிமட்டம், அதாவது சரிவைப் படிப்படியாக வெட்டிச் சமன் செய்வது. 25 சதவீதச் சரிவில் 1 மீட்டர் இறக்கத்துக்கு ஒரு படி என்றால், படிக்கும் படிக்கும் இடையிலுள்ள கரையை 45 பாகையில் சாய்த்தபின் 3 மீட்டர் அகலம் மிஞ்சும். ஏக்கரில் கால்பங்கு கரைக்கே போகும்; விளைச்சல் கணக்கில் இதைக் கழித்துக்கொள்ளுங்கள். உள்பக்கம் அரை மீட்டர் வெட்டு விழும் என்பதால், கருமண்ணை முதலில் வழித்து ஓரமாகக் குவித்து, படி அமைந்தபின் மேலே பரப்ப வேண்டும். இந்த ஒரு வேலையை விட்டவர்கள் செம்மண்ணில் விதைத்துவிட்டு விதையைக் குறை சொல்வார்கள். படி மலைப்பக்கம் லேசாகச் சாய்ந்திருக்கட்டும். உள்வாய்க்கால் நீளவாக்கில் 100 மீட்டருக்கு 1 மீட்டர் இறங்கி, புல் பிடித்த வடிகாலில் சேரட்டும். கரையில் வெட்டிவேரோ தீவனப்புல்லோ நடுங்கள்.

மலையில் சிலர் மேலிருந்து கீழாகப் பார் பிடிப்பதைப் பார்ப்பீர்கள். தண்ணீர் தேங்கி வேர் அழுகும் என்ற பயம் அது, நியாயமானதும்கூட. அதற்கு மருந்து அந்த உள்வாய்க்கால்தான். வடிகாலை மட்டும் அடைத்துவிடாதீர்கள். 2009 நவம்பர் மழையில் நீலகிரியில் சரிவுகள் சரிந்து 40 பேருக்கு மேல் இறந்தார்கள். நீர் போக வழியில்லாத வெட்டுச் சரிவு, ஊறி ஊறி ஒருநாள் மொத்தமாக இறங்கும். பொக்லைன் வைத்து வெட்ட மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். 1 ஏக்கருக்கு ஆள் வைத்து மண்வெட்டியால் செய்வதே நல்லது.

சீகை, அதாவது வாட்டில், வெளிநாட்டு மரம்தான். மலைப் புல்வெளிகளை விழுங்கியது என்பதும் உண்மை. ஆனாலும் உங்கள் பட்டாவில் நிற்கிறது என்பதற்காக வெட்ட முடியாது. மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம் 1955-இன்கீழ் அனுமதி தேவை. வனத்துறை அலுவலகத்தில் விண்ணப்பியுங்கள். அனுமதி கிடைத்தாலும் வேரோடு பறிக்காமல் தரைமட்டத்தில் அறுங்கள். பறித்தால் சரிவு குலையும், மண்ணில் பல ஆண்டுகளாகக் கிடக்கும் விதை வெளிச்சம் கண்டு கூட்டமாக முளைக்கும். அறுத்த இடத்தில் உடனே புல் நட்டு, முளைக்கிற சீகைக் கன்றுகளை முழங்கால் உயரம் எட்டும் முன், மழை ஈரத்தில் கையால் பிடுங்குங்கள்.