அணைத்த பிறகும் எல்இடி மினுக்குவது பல்பின் குறை அல்ல

சுவிட்சை அணைத்த பிறகும் எல்இடி பல்பு மினுக்குகிறது, புது பல்பு மாற்றியும் நிற்கவில்லை என்கிறீர்கள். நிற்காது. நீங்கள் போட்டிருப்பது நியூட்ரல் (மின்சாரம் திரும்பிப் போகும் வயர்) இல்லாத ஸ்மார்ட் சுவிட்ச். அணைத்திருக்கும்போதும் வைஃபைக்காக அது விழித்திருக்க வேண்டும். அதற்கான கொஞ்சம் மின்சாரத்தைப் பல்பு வழியாகத்தான் இழுக்கிறது. பழைய 60 வாட் குண்டு பல்பு இதைக் கண்டுகொள்ளாது. உங்கள் 9 வாட் எல்இடிக்குள் இருக்கும் கெப்பாசிட்டர் (மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் பாகம்) அந்தக் கசிவில் மெல்ல நிரம்பி, ஒரு மினுக்கு மினுக்கிவிட்டு மறுபடி நிரம்பத் தொடங்கும்.

சுவிட்சோடு பெட்டியில் சின்னதாக ஒரு பைபாஸ் கெப்பாசிட்டர் (கசிவைப் பல்புக்குப் பதில் தன் வழியே விடுவது) வந்ததா? அதை சுவிட்ச் பக்கம் அல்ல, பல்பு ஹோல்டரின் இரண்டு முனைகளுக்கும் குறுக்கே மாட்ட வேண்டும். பெரும்பாலும் இதிலேயே சரியாகிவிடும்.

என்னைக் கேட்டால், நியூட்ரல் உள்ள சுவிட்சுக்கு மாறுவதே நல்லது. அதே போர்டில் பிளக் பாயிண்ட் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அப்படியென்றால் நியூட்ரல் அங்கேயே இருக்கிறது! முன்னாலிருந்து பார்த்தால் வலது துளை ஃபேஸ் (மின்சாரம் வரும் வயர்), இடது துளை நியூட்ரல், மேலே பெரியது எர்த். ஆனால் வயரிங் செய்தவர் மாற்றிப் போட்டிருக்கலாம், மல்டிமீட்டரில் பார்த்துவிடுங்கள். டெஸ்டர் ஃபேஸை மட்டும்தான் காட்டும்.

யாராவது எர்த்தையே நியூட்ரலாகக் கொடுக்கச் சொன்னால் கேட்காதீர்கள். ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) இருந்தால் ட்ரிப் ஆகலாம். இல்லாவிட்டால் அதே எர்த்தில் இணைந்திருக்கும் ஃப்ரிட்ஜைத் தொடுபவருக்கு ஷாக் அடிக்கும் வாய்ப்பு உண்டு. கை வைக்கும் முன் மெயினை இறக்குங்கள்; இன்வெர்ட்டர் இருந்தால் அதையும்.