ஆயின்மென்ட்டை நிறுத்திட்டு குடல் மாத்திரை போடலாமா?

காங்கேயத்தில் இருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்: வீட்டுக்காரருக்கு 44 வயது, தறி ஓட்டுகிறார், இரண்டு வருடமாக முழங்கையிலும் தலையிலும் சொரியாசிஸ். குடல் சுத்தமானால் தோல் தானாகச் சரியாகிவிடும் என்று ஒருவர் மாதம் 2,400 ரூபாய்க்கு நல்ல பாக்டீரியா மாத்திரை தருகிறார், பூசுகிற மருந்தை நிறுத்தவும் சொல்கிறார். நிறுத்தலாமா?

நிறுத்த வேண்டாங்க.

குடலுக்கும் தோலுக்கும் சம்பந்தமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். 1930-லேயே ஸ்டோக்ஸ், பில்ஸ்பரி என்ற இரண்டு அமெரிக்கத் தோல் மருத்துவர்கள், மனக்கவலை குடல் கிருமிகளை மாற்றி அது தோலில் அழற்சியாக வெளிப்படலாம் என்று எழுதிவிட்டார்கள். நம்மால் செரிக்க முடியாத நார்ச்சத்தைப் பெருங்குடல் பாக்டீரியாக்கள் புளிக்கவைத்து பியூட்டிரேட் என்ற அமிலம் தயாரிக்கின்றன. குடல் சுவரின் செல்களுக்கு அதுதான் சாப்பாடு, நோய் எதிர்ப்புச் சக்தி எல்லை மீறாமல் அடக்கி வைக்கும் செல்களையும் அது வளர்க்கிறது. சொரியாசிஸில் எல்லை மீறுவது அந்தச் சக்திதான். வளர்ந்து உதிர ஒரு மாதம் போல எடுக்க வேண்டிய தோல் சில நாளிலேயே வளர்ந்து மேலே வந்துவிடுகிறது, சட்டையைக் கழற்றினால் மாவு மாதிரி கொட்டுகிறதே, அது இதுதான். ஆனால் குடல் கெட்டு நோய் வந்ததா, நோய் வந்து குடல் மாறியதா என்பதே இன்னும் முடிவாகாத நிலையில், மாத்திரை விற்கிறவர் மட்டும் முடிவு கட்டிவிட்டார். எக்ஸிமா என்ற இன்னொரு அரிப்புத் தோல் நோய்க்கு இதே மாதிரி மாத்திரைகளைக் கொடுத்துப் பார்த்த ஆய்வுகளை, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் குழு 2018-ல் தொகுத்துப் பார்த்தது, அரிப்பிலும் தடிப்பிலும் பெரிய வித்தியாசம் இல்லை.

அந்தக் காசுக்கு கம்பும் கொள்ளும் வாங்குங்க. தறிக்குடோனில் நாலு டீ, பன், ராத்திரி புரோட்டா என்று ஓடினால் பாக்டீரியாவுக்கு என்ன மிஞ்சும்? கம்பஞ்சோறு, கொள்ளுப் பருப்பு, பச்சைப்பயறு கடைசல், கீரை என்று கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்க, ஒரே நாளில் கூட்டினால் வயிறு தறி மாதிரி கடகடக்கும். பழைய சோறு தாராளமாகச் சாப்பிடலாம், அதில் நல்ல பாக்டீரியாவும் உண்டு. இதெல்லாம் மருந்துக்குத் துணைதான், மாற்று இல்லை. அவர் குண்டாக இருந்தால் எடை குறைவதே தோலுக்கு நல்லது, அப்புறம் பீடியும் குடியும் இருந்தால் விடச் சொல்லுங்க.

அஞ்சே நாளில் மறைய வைக்கிற பெயர் தெரியாத பொடியோ மாத்திரையோ யாராவது தந்தால் தொடவே கூடாது. ஸ்டீராய்டு கலந்திருந்தால், நிறுத்தியதும் உடம்பு முழுக்கச் சிவந்து பொங்கி வருவதைப் பார்த்திருக்கிறேன். சொரியாசிஸ் மூட்டையும் பிடிக்கலாம், அதனால் காலையில் விரல் மடக்க முடியாமல் அரை மணி நேரத்துக்கு மேல் விறைத்திருக்கிறதா என்றும் அவரிடம் கேளுங்க. ஆமாம் என்றால் மூட்டு வாத மருத்துவரிடம் இந்த வாரமே கூட்டிப் போங்க.