கேமரா கேள்வி பதில்: படச் சட்டத்தின் நான்கு ஓரங்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டப்புற வாசகர்கள் புகைப்படப் போட்டிகளைப் பற்றி அனுப்பிய கேள்விகளும் எங்கள் பதில்களும்.

எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயில் தீமிதியில் எடுத்த படத்தைக் குடும்பப் புலன (வாட்ஸ்அப்) குழுவில் எல்லாரும் புகழ்ந்தார்கள். இரண்டு போட்டிகளுக்கு அனுப்பினேன், முதல் சுற்றைக்கூடத் தாண்டவில்லை. படம் கூர்மையாகத்தான் இருக்கிறது. குறை எங்கே?

பூக்குழியில் இறங்குபவர் யார், என்ன வேண்டுதல், எத்தனை நாள் விரதம் என்பதெல்லாம் உங்கள் வீட்டாருக்குத் தெரியும். அந்த நினைவோடுதான் அவர்கள் படத்தைப் பார்க்கிறார்கள். நடுவருக்கு அது எதுவும் தெரியாது. படச் சட்டத்துக்குள் விழுந்ததை மட்டும் அவர் பார்க்கிறார், அதுவும் முதல் சுற்றில் சில நொடிகள்தான்.

நீங்கள் அனுப்பிய படத்தில் கண் முதலில் போவது வலது ஓரத்துக்கு. அங்கே வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்திருக்கிறார். அடுத்து, பக்தரின் தலையிலிருந்து முளைத்தது போல நிற்கும் கூடாரக் கம்பி. பிறகு சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலிகள். பக்தரிடம் கண் வந்து சேர்வதற்குள் படம் மாறிவிடும். இருண்ட படத்தில் வெளிச்சமான பொட்டு எங்கே இருந்தாலும் கண் அங்கேதான் முதலில் ஓடும். கூர்மை இதற்கு மருந்தாகாது.

வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். படத்தைக் கட்டைவிரல் நகம் அளவுக்குச் சுருக்குங்கள். அப்போதும் எது முக்கியம் என்று தெரிகிறதா? பிறகு தலைகீழாகத் திருப்புங்கள். எது என்ன என்பதை மூளை உடனே சொல்லாது, ஆகவே வெளிச்சத் திட்டுகள் தனியாகத் தெரியும். கடைசியாக நான்கு ஓரங்களையும் விரலால் சுற்றி வாருங்கள். பாதி வெட்டுப்பட்ட கை, யாருடையதோ ஒரு முழங்கை, குப்பைப் பை எல்லாம் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

அடுத்த திருவிழாவுக்கு முதல் நாளே போய்க் குழி வெட்டிய இடத்தைப் பாருங்கள். எந்தப் பக்கம் நின்றால் பின்னால் கூடாரத்துக்குப் பதிலாக இருண்ட மரங்கள் வரும் என்று குறித்துக்கொள்ளுங்கள். குழியின் நீளவாக்கில், தரையோடு தரையாகப் படுத்து எடுக்க வேண்டாம். தணலுக்கு மேலே கொதிக்கும் காற்று அலையாடும், அதன் ஊடே எடுத்தால் விலை உயர்ந்த லென்ஸிலும் முகம் கரைந்துதான் போகும். தணலைக் கடந்தவர் கால் நனைக்கும் பால்குழி இருக்கும் முனையில், சற்று ஓரமாக, பூசாரியிடமும் தொண்டர்களிடமும் சொல்லிவிட்டு மண்டியிடுங்கள். 70 முதல் 200 மி.மீ. லென்ஸ், லென்ஸ் துவாரம் எஃப்/2.8 அல்லது எஃப்/4, ஷட்டர் 1/500 நொடி. ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளியுணர்திறன்) 6400 வரை தானாக ஏறட்டும். எக்ஸ்போஷரை (படத்தில் பதியும் ஒளியின் அளவை) ஒரு ஸ்டாப், அதாவது பாதியாகக் குறையுங்கள். இல்லையென்றால் தணல் வெளுத்துச் சாம்பலாகத் தெரியும், அந்தச் சிவப்பைப் பிறகு கணினியில் மீட்க முடியாது. ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம். நெருப்பின் ஒளியை அது தின்றுவிடும், இறங்குபவரின் கண்ணையும் கூச வைக்கும்.

ஒருவருக்கு நான்கைந்து படம் தொடர்ச்சியாக எடுங்கள். தேர்ந்தெடுக்கும்போது பாதம் தணலை விட்டு எழும்பியிருப்பதை, முகம் மறையாததை எடுத்து வையுங்கள். இரண்டு காலும் ஊன்றி நிற்கும் படத்தில் நடையே இருக்காது.

ரப்பர் மரத்தில் பால்வெட்டுக்குப் போகும் அம்மாவைத் தலைவிளக்கு வெளிச்சத்தில் எடுக்க முயல்கிறேன். ஒன்று முகம் கறுத்துப் போகிறது, இல்லை மரம் வெளுத்துப் போகிறது. சில படங்களில் குறுக்கே கோடு கோடாக வருகிறது. என்ன செய்வது?

நல்ல பொருளைத் தேர்ந்திருக்கிறீர்கள். விடியலில் மரத்தினுள் அழுத்தம் கூடியிருப்பதால் பால் நன்றாக ஓடும், வெயில் ஏற ஏறக் குறையும். அம்மாவின் வேலை நேரத்தை அதுதான் முடிவு செய்கிறது. உங்கள் படத்தின் ஒளியையும் அதுவேதான் முடிவு செய்கிறது.

இங்கே சூரியன் எழுவது ஏறக்குறைய 7 மணிக்கும் 7.30க்கும் இடையில். அதற்கு முந்தைய 20, 25 நிமிடத்தில் வானம் கருநீலமாக இருக்கும், தலைவிளக்கு இன்னும் பலமாகத் தெரியும். இரண்டு ஒளியும் சமமாக நிற்பது அந்த இடைவெளியில்தான். நள்ளிருட்டில் எடுத்தால் விளக்கு வட்டம் மட்டும் கிடைக்கும், மரங்களின் வரிசை கிடைக்காது. நிலநடுக்கோட்டுக்கு அருகில் சூரியன் செங்குத்தாக ஏறுவதால் பொன்வெயிலும் அரை மணி நேரத்துக்கு மேல் நிற்காது. குளிர்நாட்டுப் புத்தகங்களில் படித்த கணக்கை நம்பித் தாமதமாகப் போகாதீர்கள்.

எஃப்/2, 1/125 நொடி, ஐஎஸ்ஓ 3200 என்று தொடங்குங்கள். விளக்கு படும் மரப்பட்டையின் ஒளியை அளந்து, அது வெளுக்காத அளவுக்கு எக்ஸ்போஷரை இறக்குங்கள். முகத்துக்கு ஒளி நேராக வருவதில்லை, பட்டையில் பட்டுத் திரும்பி வருகிறது. ஆகவே அம்மா மரத்துக்கு நெருங்கிக் குனியும் கணத்துக்குக் காத்திருங்கள், முகம் தானாகத் தெளியும். ஃபோகஸ் கத்தி முனையில் இருக்கட்டும். வெட்டுக்கோடு இடது மேலிருந்து வலது கீழாகச் சரிந்து இறங்கும், வெள்ளைப் பால் அந்த வழியே மங்குக்கு (பால் சேரும் கிண்ணத்துக்கு) ஓடும். கண்ணை அழைத்துப் போக இதைவிட நல்ல கோடு கிடைக்காது. மங்கைச் சட்டத்துக்கு வெளியே வெட்டிவிடாதீர்கள்.

குறுக்குக் கோடுகளுக்குக் காரணம் எல்இடி விளக்கின் துடிப்பு. கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் அது அணைந்து எரிகிறது. எலக்ட்ரானிக் ஷட்டரை நிறுத்திவிட்டு மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறுங்கள். அதன் பிறகும் வந்தால் விளக்கை முழு வெளிச்சத்தில் வைக்கச் சொல்லுங்கள், பல விளக்குகள் மங்கலாக்கும்போதுதான் அதிகம் துடிக்கும்.

இன்னொன்று: டீட் (DEET) என்ற வேதிப்பொருள் கலந்த கொசு மருந்தைப் பூசிய கையோடு கேமராவைத் தொடாதீர்கள். பிளாஸ்டிக்கையும் ரப்பர் பிடியையும் அது கரைக்கும்.

கைப்பேசிப் படம் ஏ3 அளவில் அச்சாகும் போட்டிக்குத் தாங்குமா?

தாங்கும். 4032 × 3024 புள்ளிகள் கொண்ட 12 மெகாபிக்சல் படத்தை ஏ3 வடிவத்துக்கு வெட்டினாலும் ஓர் அங்குலத்துக்கு ஏறக்குறைய 240 புள்ளிகள் மிஞ்சும், அது போதும். கெடுப்பது வேறு சில பழக்கங்கள். விரலால் விரித்துப் பெரிதாக்கி எடுத்தால் புள்ளிகள் குறைந்துவிடும், இரண்டடி முன்னால் நடந்து போய் எடுங்கள். போர்ட்ரெய்ட் முறையில் பின்னணியை மங்கலாக்கும் மென்பொருள் மல்லிகைச் சரத்தையும் காது ஓரத்தையும் சேர்த்துத் தின்றுவிடும். சிறு திரையில் தெரியாத அந்தத் தவறு ஏ3 தாளில் நன்றாகத் தெரியும். புலனத்தில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிப் போகும், கோப்பாக இணைத்து அனுப்புங்கள். எடுக்கும் முன் லென்ஸைச் சட்டை நுனியால் ஒரு தடவை துடையுங்கள், பாதி மங்கல் அதில் தீரும்.

செம்பனைத் (எண்ணெய்ப்பனை) தோட்டத்தில் எலியைக் கட்டுப்படுத்த வைத்திருக்கும் கூட்டுப் பெட்டியில் கூகை (ஒரு வகை ஆந்தை) குடியிருக்கிறது. இயற்கைப் பிரிவுக்கு அனுப்பலாமா? பெட்டி மனிதன் செய்தது ஆயிற்றே?

அனுப்பலாம். ஃபியாப் (FIAP) என்ற பன்னாட்டுப் புகைப்படக் கலைக் கூட்டமைப்பும் அமெரிக்கப் புகைப்படச் சங்கமும் பிரிட்டனின் ராயல் புகைப்படச் சங்கமும் ஏற்றுக்கொண்ட பொது வரையறையில், மனிதன் மாற்றிய சூழலுக்குப் பழகிய உயிருக்கு எடுத்துக்காட்டாகக் கூகையே பெயரோடு வருகிறது. ஆனால் பயிரிட்ட செடியும் வளர்ப்புப் பிராணியும் அந்தப் பிரிவில் சேராது. செம்பனைக் குலையை மட்டும் எடுத்து இயற்கை என்று அனுப்பினால் தள்ளுபடிதான். கூகையின் படத்திலும் ஓர் ஓலையைக்கூட அழிக்கக் கூடாது, ஓரம் வெட்டலாம்.

பெட்டியைத் திறக்காதீர்கள், ஃபிளாஷ் அடிக்காதீர்கள். குஞ்சு இருக்கும் காலத்தில் தொந்தரவு செய்தால் தாய் பெட்டியையே கைவிடக்கூடும், அதற்கு ஈடான படம் எதுவும் இல்லை. மாலை மங்கும் நேரத்தில் 300 மி.மீ. லென்ஸோடு தூரத்தில் உட்காருங்கள். பறவை வாசலில் வந்து நிற்கும்போது 1/250 நொடி போதும்.

மின்கம்பியை அழித்துவிட்டு அனுப்பினால் யாருக்குத் தெரியப் போகிறது?

தெரியும். பரிசுச் சுற்றில் பல போட்டிகள் மூலக் கோப்பைக் கேட்கின்றன. 2010இல் உலகப் பத்திரிகைப் படப் போட்டியில், தெருச் சண்டை பற்றிய ஒரு படத்தில் பின்னால் எட்டிப் பார்த்த பாதத்தின் சிறு துண்டை அழித்ததற்காகப் பரிசையே திரும்பப் பெற்றார்கள். அந்தப் படத்தை நெருக்கமாக வெட்டியதும் கறுப்பு வெள்ளையாக மாற்றியதும் அங்கே குற்றமாகவில்லை. திறந்த பிரிவு என்றால் பெரும்பாலும் கம்பியை நீக்க அனுமதி உண்டு, விதியைப் படித்துவிட்டுச் செய்யுங்கள். இயற்கை, செய்திப் படம் ஆகிய பிரிவுகளில் கை வைக்காதீர்கள். உங்கள் படத்தைப் பொறுத்தவரை, இடப்பக்கம் ஓர் அடி நகர்ந்திருந்தால் கம்பி மரத்துக்குப் பின்னால் போயிருக்கும்.

படத்துக்குத் தலைப்பு எப்படி வைப்பது?

படத்தில் தெரிவதைத் திரும்பச் சொல்லாதீர்கள், தெரியாததை ஊகிக்கவும் வைக்காதீர்கள். தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தின் வாசலில் பாட்டி உட்கார்ந்திருக்கும் உங்கள் படத்துக்கு ‘முதுமையின் ஏக்கம்’ வேண்டாம், அவர் ஏங்குகிறாரா என்று நமக்குத் தெரியாது. ‘கடைசி லயம்’ என்று வையுங்கள், அந்த வரிசையில் மிஞ்சியிருக்கும் வீடு அது ஒன்றுதான் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அனுப்பும் முன் பாட்டியிடம் படத்தைக் காட்டிச் சம்மதம் கேளுங்கள்.