அதிரசம் எண்ணெயில் போட்டதும் பிரிந்து போகிறதே, ஏன்?

பெரும்பாலும் பாகுதான் காரணம். பாகு இளசாக இருந்தால் மாவைப் பிடித்து வைக்காது, எண்ணெயில் போட்டதும் கரைந்து பரவிவிடும். முற்றிப் போனால் அதிரசம் கல்லாகிவிடும். கிண்ணத்துத் தண்ணீரில் ஒரு சொட்டு பாகு விட்டுப் பாருங்கள். கரையாமல் அடியில் நின்று, விரலால் திரட்டினால் மெத்தென்ற உருண்டையாக வர வேண்டும். அந்த நொடியே அடுப்பை அணைத்துவிடுங்கள். இந்த இடத்தில் மட்டும் அவசரமும் கூடாது, கைபேசியும் கூடாது.

அடுத்தது மாவு. கடையில் வாங்கும் காய்ந்த அரிசி மாவு இதற்குச் சரிவராது. பச்சரிசியை 2 மணி நேரம் ஊறவைத்து, வடித்து, நிழலில் துணியில் உலர்த்துங்கள். கையில் பிடித்தால் ஈரம் தெரிய வேண்டும், ஒட்டக் கூடாது. அப்போதே அரைத்துச் சலித்துவிடுங்கள். 4 பங்கு அரிசிக்கு 3 பங்கு வெல்லம் என்பது நான் நம்பும் அளவு. ஏலக்காயும் சுக்கும் தட்டிப் போட்டு, சூடான பாகில் மாவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கிளறுங்கள். சற்றுத் தளர்வாகவே இருக்கட்டும், ஆறினால் இறுகும். மேலே நெய் தடவி ஒரு நாளாவது மூடி வையுங்கள். மாவு வெல்லத்தை உள்வாங்க அந்த நேரம் தேவை.

தட்டிப் போடும்போது எண்ணெய் மிதமான சூட்டில் இருக்கட்டும். எடுத்ததும் இரண்டு கரண்டிகளுக்கு நடுவே அழுத்தி எண்ணெயை வடியுங்கள்.

சரி, இப்போது கையில் இருக்கும் மாவே பிரிகிறதா? கொட்டிவிடாதீர்கள். கொஞ்சம் அரிசி மாவோ கோதுமை மாவோ சேர்த்துப் பிசைந்து, ஒன்றை மட்டும் போட்டுப் பாருங்கள்.